சாக்குக்குள் இருந்த கண்

மீன்காரன் வெட்டுக்கத்தியை ஓங்கியபோது நகுலேசன் கண்ணை மூடவில்லை. மூடக்கூடாது என்று காலையிலிருந்தே பழகிக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஒரு நாளைக்குக் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும், பிறகு ஆயுசுக்கும் மூடிக்கொண்டு கிடக்கலாம். பலெர்மோவின் சந்தைத் தெருவில், வாள்போல மூக்கு நீண்ட பெரிய மீன் ஒன்றின் தலையை மட்டும் ஐஸ் மேட்டில் நட்டு வைத்திருந்தார்கள். மூக்கு வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது. உடம்பு பக்கத்துப் பலகையில் வட்டம் வட்டமாய்க் குறைந்துகொண்டு வந்தது, ஒவ்வொரு வெட்டுக்கும் முள்ளந்தண்டு நொறுங்குகிற சத்தம் தனியாகக் கேட்டது. தலைக்கு எதுவும் தெரியவில்லை. தன் உடம்பைத்தான் நிறுத்து விற்கிறார்கள் என்று தெரியாமல் அந்தக் கண், கோப்பை வாய் அகலத்துக்கு விரிந்து, போகிற வருகிறவர்களையெல்லாம் அடையாளம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. "தம்பி, உதில மினக்கெடாத. உது பாக்கிறதுக்கு இலவசம், வாங்கிறதெண்டா ஊரில கட்டின வீட்டை விக்கவேணும்" என்றார் எமில் அண்ணை, முன்னால் போனவர், திரும்பாமலே. மனைவி யசோ சிரித்தாள். அவளுக்கு இரண்டு நாளாய் எமில் அண்ணை என்ன சொன்னாலும் சிரிப்பு. நகுலேசன் எமிலின் பிடரியைப் பார்த்தான். இரண்டு மடிப்பு, நடுவில் வியர்வை, சவரக்கத்தி பட்ட இடத்தில் நரைத்த முள். டோர்ட்மண்டில் இறைச்சி வெட்டப் பழக்கிய பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் வாத்தியார் முதல் நாள் சொன்ன பாடம், எலும்போடு சண்டை பிடிக்காதே, மூட்டைத் தேடு. அந்த மடிப்புக்குக் கீழே மூட்டு இருந்தது. இந்தக் கழுத்தா? அன்றைக்கு ஆடினது இந்தக் கழுத்துத்தானா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறான். யசோவுக்கு இது மகளிடம் வந்த இடத்தில் மலிவு விமானம் பிடித்த சுற்றுலா. ஊர்க்காரர் வீட்டில் படுக்கை, காலால் நடந்து ஊர் பார்ப்பது, நின்றபடி சாப்பாடு. அவனுக்குப் பின்னேரம் ஒரேயொரு வேலை. இவன்தான் என்றால் குத்துவது. இவன் இல்லையென்றால் காலில் விழுவது. இரண்டில் ஒன்று.

அன்றைக்கும் இதே மாதிரி வெயில், கீரிமலைப் பக்கத்து ஊர், பள்ளிக்கூட மைதானம், ஆமி சுற்றிவளைத்து ஆண்பிள்ளைகளையெல்லாம் வரிசையில் விட்டிருந்தது. வரிசையின் அந்தத்தில் ஜீப். ஜீப்பின் பின்சீற்றில் தலையாட்டி, ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன். புண்ணாக்குச் சாக்கு ஒன்றைத் தலையிலிருந்து இடுப்புவரைக்கும் கவிழ்த்து, பிளேடால் கீறிய இரண்டு ஓட்டை. நாடியில் விரல் வைத்து ஒரு ஆமிக்காரன் முகத்தை நிமிர்த்துவான், சாக்கு பார்க்கும், சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், ஆடினால் லொறி. பகீ முன்னால் போனான். பகீரதன், அண்ணன், ஊர்க் கழகத்துக்குப் பந்தடிக்கிறவன், வரிசையிலேயே பின்னால் திரும்பி, "அம்மா புட்டு அவிச்சிருப்பா, ஓடிப்போய் எனக்கும் பிடிச்சு வை" என்றான். சாக்கு ஆடியது. பெரிதாய் ஒன்றுமில்லை, தூங்கி விழுகிறவனின் தலைபோல ஒரு சின்ன இறக்கம், அவ்வளவுதான் ஒரு மனிதனை முடிக்கத் தேவையான அசைவு. பகீயின் வயிற்றில் துவக்குப் பிடியால் அடித்த சத்தம், ஈரச் சாக்கைக் கல்லில் அடிப்பது மாதிரி. அடுத்தது நகுலேசன். விரல் நாடியை நிமிர்த்தியது. ஓட்டைக்குள் கண். ஈரமான கண். புண்ணாக்கு மணம். கண் அவனைப் பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது, ஆமிக்காரன் ஜீப்பின் தகரத்தில் தட்டினான், சாக்கு ஆடவில்லை. ஏன் ஆடவில்லை? அண்ணனுக்கு ஆடினது தம்பிக்கு ஏன் ஆடவில்லை? ஜெர்மனியில் பன்றித் தொடையைப் பிரிக்கும்போதும், மகள் பிறந்தபோதும், அம்மா தன் கடைசிக் காலத்தில் வாசல் கதவைப் பூட்டவிடாமல் பகீக்காகத் திறந்து வைத்திருந்தபோதும் இதே கேள்வி. ஊருக்கே திரும்பிவந்து வீடு கட்டிக் கிணறு இறைத்த வாரத்தில் பக்கத்துக் காணிச் செல்லையர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "உனக்குத் தெரியாதே? அண்டைக்குச் சாக்குக்குள்ள இருந்தது உந்த எமில்தான் எண்டு அப்பவே ஒரு கதை. அடுத்த மாசமே இத்தாலிக்குப் பறந்தவன், சும்மா விடுவாங்களே?" என்றார். எமில். பகீயின் கழகத்துக் கோல்காப்பாளன். வீட்டுக்கு வந்து பகீயின் தட்டிலேயே கைவைத்துச் சாப்பிட்டவன். முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இரண்டு நாளாய் மேசைக்கு எதிரே இருந்து பார்க்கிறான், முடியவில்லை, சிரிக்கிற வாயும் கொழுத்த கன்னமும் குறுக்கே வந்து கண்ணை மறைக்கின்றன. முகம் இல்லாமல் பார்க்கவேண்டும். பெரிய வெள்ளிச் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் இங்கே ஒரு பக்திச் சபை ஆண்கள் வெள்ளைத் துணியால் தலையை மூடி, இரண்டு ஓட்டை வைத்து நடப்பார்கள். எமில் அந்தச் சபைக்காரன். முகநூலில் வெள்ளை அங்கியோடு நின்ற படத்தைக் கண்ட இரவில்தான் நகுலேசன் யசோவிடம் கேட்டான், மகளிட்டப் போற நேரம் பலெர்மோவும் பாப்பமே?

பொரியல் கடைக்கு முன்னால் சனம் முட்டி நின்றது. கடலைமாவைக் கிண்டி ஆறவைத்துத் துண்டம் போட்டுப் பொரிக்கிறார்கள், அதை எள்ளுத் தூவின பாண் ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், பனெல்லே என்று பெயர். "இண்டைக்கு இறைச்சி இல்லை, பெரிய வெள்ளி" என்றார் எமில், "மற்ற நாளெண்டா மாட்டின்ட மண்ணீரல் வைச்ச பாண் வாங்கித் தந்திருப்பன், பிள்ளைக்குப் பிடிச்சிருக்கும்." "ஐயோ வேண்டாம், எனக்கு இதே காணும்" என்றாள் யசோ. "உள்ளுக்க மேசை கிடக்கு அண்ணை, இருப்பமே?" "இருந்தா ஒரு விலை, நிண்டா ஒரு விலை. ஜெர்மன்காரர் இருக்கலாம், நாங்கள் நிப்பம்." அவர் கடைக்காரனுடைய முதுகில் அறைந்தார், கடைக்காரன் எமிலியோ எமிலியோ என்று கத்திப் பெரிய துண்டாய்ப் பார்த்து எடுத்துத் தந்தான். இந்த ஊருக்கே எமிலைப் பிடித்திருக்கிறது, நாய்கூட வாலாட்டுகிறது. எண்ணெய்ச் சட்டி கொதித்தது. நகுலேசன் சட்டியைப் பார்த்தான். தலைமயிரைக் கொத்தாய்ப் பிடித்து அந்த முகத்தை உள்ளே அமிழ்த்தினால் முதலில் என்ன சத்தம் வரும், மாவு விழுந்த சத்தமா, மனிதன் விழுந்த சத்தமா, கன்னம் பொங்கும், உதடு சுருங்கும், முகம் கழன்றுபோன பிறகு கண் மட்டும் மிஞ்சும், அப்போது தெரிந்துவிடும். சீ. கையில் பாண் சுட்டது. கடித்தான். கடலைமாவு, எள்ளு, எண்ணெய், அதற்கு அடியில் ஏதோ ஒன்று, என்ன அது, நாக்கு நின்றது. புண்ணாக்கு. எள்ளும் எண்ணெயும் சேர்ந்த அதே மணம், ஜீப்பின் தகரம், நாடியில் விரல். வாய்க்குள் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. "என்னப்பா, ருசி இல்லையே?" என்றாள் யசோ. "தேசிப்புளி விட்டுத் தின்னு தம்பி" என்று எமில் தன் கையாலேயே எலுமிச்சையைப் பிழிந்தார். பந்து பிடித்த கை, அகலமான கை, புறங்கையில் கொதியெண்ணெய் தெறித்த தழும்புகள். அன்றைக்கு அந்தக் கை எங்கே இருந்தது? சாக்குக்குள். கையையும் மூடித்தான் வைத்திருந்தார்கள், கண்ணுக்கு மட்டும்தான் வெளியே வேலை. அவன் விழுங்கினான். அது கல்லுமாதிரி இறங்கிற்று.

ரிக்கற் இல்லாத கோயில்கள் எவையெவை என்று எமிலுக்கு மனப்பாடம். "காசு கேக்கிற கோயிலுக்குப் போகாத, அங்க இருக்கிற அதே செத்த ஆக்கள்தான் இஞ்சயும் இருக்கினம்" என்றார். உண்மைதான், இந்த ஊர்ச் சுவரெல்லாம் செத்துக்கொண்டிருந்தது. அம்பு தைத்தவன், தோல் உரிபட்டவன், சட்டியில் வேகிறவன், எல்லாரும் பொன் சட்டத்துக்குள் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கொல்லுகிறவர்களின் புயத்தில்தான் படம் கீறினவன் கைவண்ணத்தை எல்லாம் காட்டியிருந்தான். பக்கத்துப் பீடமொன்றின் படத்தில் ஒரு பெண் தட்டில் இரண்டு கண்ணை வைத்து ஏந்திக்கொண்டு நின்றாள். "உதென்ன அண்ணை தட்டில, உரிச்ச றம்புட்டானே?" என்றாள் யசோ. எமிலுக்குச் சிரிப்பு வெடித்து, கோயிலென்று வாயைப் பொத்திக்கொண்டார். "கடவுளே, பிள்ளை, அது லூசியம்மா. கண்ணைப் பிடுங்கிப்போட்டாங்கள். கண்ணில வருத்தமெண்டா இவவிட்டத்தான் வாறது." அப்படிச் சொல்லிவிட்டு அந்தப் பெரிய உடம்பு முழங்காலில் விழுந்தது. நெற்றி பீடத்துக் கம்பி அளியில் முட்டியது. பிடரி விரிந்து தெரிந்தது. கையில் கத்தி இருந்தால் இப்போதே குத்தலாம், யசோவைத் தவிர யாரும் இல்லை, மூட்டைத் தேடு, ஒரு செக்கன். ஆனால் தெரியாமல் குத்தக்கூடாது. தெரியாமல் குத்தினால் நானும் ஒரு சாக்கு. கண்ணில வருத்தமெண்டா என்றாரே, யாருடைய கண்ணில்? என்ன வருத்தம் இவருக்கு? தட்டில் கிடந்த கண்கள் நகுலேசனைப் பார்த்தன, ஈரமாய்த்தான் கீறி வைத்திருந்தார்கள், எல்லாக் கண்ணும் ஈரம்தானே, எது என்ன அடையாளம். தலைக்குள் ஒரு ஈ. எவ்வளவு நேரம் முழங்காலில் இருக்கிறான் இந்த மனிதன்.

வெளியே படியில் இருந்து ஆரஞ்சுத் தோடம்பழம் தின்றார்கள். எமில் பையிலிருந்து எடுத்த மடக்குக் கத்தி, கொம்புப் பிடி, நாக்கு மாதிரி மெல்லிய அலகு. "நீ இறைச்சிக்காரன், நீ வெட்டு" என்று பிடிப்பக்கத்தைத் திருப்பி நகுலேசனிடம் நீட்டினார். பழம் உள்ளே இரத்தச் சிவப்பு. சாறு விரலிடுக்கால் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. எமில் தன் துண்டைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு, கீழே வெளியில் பந்து உருட்டிய பெடியன்களைப் பார்த்தபடி, "பகீ இருந்திருந்தா இதில இருக்கமாட்டான். இறங்கியிருப்பான்" என்றார். பெயர். அந்த வாயால் பெயர். இரண்டு நாளாய் அந்தப் பெயர் வரக் காத்திருந்தான், வந்தபோது காதுக்குள் பனிக்கட்டி வைத்ததுபோல் எல்லாச் சத்தமும் நின்றது. கத்தியை உதட்டுக்குள் விட்டுப் பெயரைத் தோண்டி எடுக்கவேண்டும்போல் இருந்தது, உன்னுடையது இல்லை, அது எங்கள் வீட்டுச் சாமான், வை கீழே. "பின்னேரம் ஊர்வலத்தில மூடிக்கொண்டு வரேக்க எங்களுக்கு எப்பிடி அண்ணை தெரியும், எது நீங்கள் எண்டு?" என்று யசோ கேட்டாள். "உங்களுக்குத் தெரியாது" என்றார் எமில். "நான் உங்களைக் காணுவன்." அவர் சிரித்தார், ஆனால் சிரிப்புக்குப் பிறகு நகுலேசனைப் பார்த்த பார்வை கொஞ்சம் கூடுதலாய் நின்றது, அல்லது நிற்கவில்லை, வெயில் கண்ணைக் கூசியது. அவர் எழுந்து வேட்டி தட்டுவதுபோல் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, அங்கி மாற்றப் போகவேண்டும், கோயில் மூலையில் நில்லுங்கோ, அதுதான் நல்ல இடம், சல்லி இல்லாமல் பார்க்கலாம் என்றார். கத்தியை வாங்கிக்கொள்ள மறந்தார். மறந்தாரா? நகுலேசன் அலகைத் துடைக்காமல் மடித்துப் பொக்கற்றுக்குள் போட்டான்.

மூலையில் சனம் சேர்ந்தது. வெயில் போய்த் தூறல் தொடங்கியது. யசோ எட்டி அவனுடைய ஜாக்கெற்றின் தலைமூடியை இழுத்துக் கவிழ்த்து, நாடிக்குக் கீழே கயிற்றைப் பிடித்து இறுக்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் செய்கிறமாதிரி. "தடிமன் காய்ச்சல் பிடிச்சா ஆர் பாக்கிறது? ஊரில போய்ப் படுக்கையில கிடப்பியள்." மூடிக்குள் தன் மூச்சுத் தனக்கே அடித்தது, கடலைமாவும் எள்ளும். வெளியே ஒரு வட்டத்துக்குள் மட்டும் உலகம். "நல்ல மனிசன் என்ன, எமில் அண்ணை" என்றாள் யசோ, "குசினிக்குள்ள வைச்சுச் சொன்னவர், உங்களுக்குச் சொல்லவேண்டாமாம், வருசா வருசம் பகீ அண்ணாவுக்கு இஞ்ச பூசை ஒப்புக்குடுக்கிறவராம்." "என்ன பூசை?" "செத்த ஆக்களுக்கு ஒப்புக்குடுக்கிறதுதான்." செத்த ஆக்களுக்கு. அம்மா கதவைத் திறந்து வைத்திருந்த அத்தனை வருசமும். அரசாங்கத் தாளில் காணாமற்போனவர். அப்பா திவசம் செய்யவிடவில்லை, ஊரில் ஒருவரும் செத்தவன் என்று ஒரு சொல் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் அம்மா அவர்கள் வீட்டில் தண்ணீர் குடித்திருக்கமாட்டா. பகீ செத்தது இவனுக்கு எப்படித் தெரியும்? லொறி எங்கே போனதென்று கண்டவனுக்குத் தெரியும், குழிக்குப் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியும், சாக்கைக் கழற்றிய பிறகு தேத்தண்ணி கொடுத்து, இனி நீ போகலாம், அவன் முடிஞ்சான் என்று சொல்லப்பட்டவனுக்குத் தெரியும். இவன்தான். இல்லை, இரு, எல்லாரும்தான் உள்ளுக்குள் செத்தவன் என்று நினைத்தார்கள், நீயும் நினைத்தாய், டோர்ட்மண்டில் குளிரறைக்குள் தொங்கிய உடல்களுக்கு நடுவே நின்று ஒரு நாள் உரக்கவே சொன்னாய். நினைத்ததற்குக் குத்துவதா? கண்ணைப் பார். கண் சொல்லும். பொக்கற்றுக்குள் பெருவிரல் அலகின் முதுகைத் தேடியது. "என்னப்பா கையைப் பொக்கற்றுக்குள்ளயே வைச்சிருக்கிறியள்?" "குளிர்."

பெரிய வெள்ளியில் மணி அடிப்பதில்லை, மரக்கட்டைகளை ஒன்றோடொன்று அடிக்கிறார்கள், எலும்பு அடிபடுகிற சத்தம். அதற்குப் பின்னால் பாண்ட் வாத்தியம், செத்தவீட்டு நடை. பிறகு வெள்ளை. தெருவளைவிலிருந்து சோடி சோடியாய் வந்தார்கள், இடுப்பில் சிவப்புக் கயிறு, கையில் மெழுகுதிரி, தலையிலிருந்து மார்புவரைக்கும் கவிழ்ந்த துணி, இரண்டு ஓட்டை. நகுலேசனின் முழங்கால் அந்த மைதானத்துக்குப் போய்விட்டது, வரிசையில் நிற்கிறான், முன்னால் பகீயின் முதுகு, மூத்திரம் முட்டுகிறது, ஆனால் இப்போது வரிசை வேறு பக்கமாய் நகர்கிறது, அவன் நிற்கிறான், சாக்குகள் நடந்து வருகின்றன. முதல் சோடியில் இடப்பக்கத்தவன் அவனைப் பார்த்தான். அந்தக் கண். ஈரம், அதே ஈரம், பார்த்துக்கொண்டே இருக்கிற அதே பார்வை, இவன்தான், பெருவிரல் அலகைத் தூக்கிவிட்டது, ஒரு அடி எடுத்து வைத்தான். ஆனால் இவன் கட்டை, எமிலின் தோளுக்குக்கூட வரமாட்டான். அடுத்தவன். அதே கண். அதற்கடுத்தவன் கிழவன், கை நடுங்குகிறது, அவனுக்கும் அதே கண். ஒருவன் ஒல்லி, ஒருவன் நொண்டுகிறான், எல்லாத் துணிக்குள்ளிருந்தும் அந்த ஒரே கண் அவனை அடையாளம் பார்த்துக்கொண்டு போகிறது. இவ்வளவு காலமும் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தது யாருடைய கண்ணுமில்லை. ஓட்டை வெட்டினால் எவனுக்கும் வருகிற கண். பகீ, நான் என்ன செய்ய, எல்லாரையும் குத்தவா, எவனைக் குத்த, சொல்லு. பிறகு யேசுவின் கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து வருகிறவர்களுக்கு முன்னால், கடைசிச் சோடியில், மூடாத ஒரு தலை வந்தது. நரைத்த முடி தூறலில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. எமில். மூடுதுணியை மடித்து முழங்கையில் போட்டிருந்தார். சபைத் தலைவர்போலத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வந்து, எமிலியோ எமிலியோ என்று பல்லுக்குள் சீறி, தலையைத் தொட்டுக் காட்டி, துணியை எடுத்து அவர் கையில் திணித்தார். எமில் அதை வாங்கி மறுபடியும் முழங்கையில் போட்டார். மரக்கட்டை இரண்டு தரம் அடித்தது. சுமப்பவர்கள் தோள் மாற்ற, ஊர்வலம் நின்றது. எமில் நின்ற இடம் நகுலேசனுக்கு நேர் முன்னால்.

"ஏன் அண்ணை மூடேல்லை?" என்று யசோ எட்டிக் கேட்டாள். எமில் அவளைப் பார்க்கவில்லை. இத்தனை நேரமும் சிரித்த வாய் கன்னத்துக்குள் எங்கோ போய்விட்டது, அது இல்லாத முகத்தில் கண் மட்டும் இருந்தது. "உனக்கு முன்னால மூடேலாது தம்பி" என்றார். அவ்வளவுதான். பிறகு இரண்டு கையையும் தொடையோடு ஒட்டவைத்து, நாடியை நிமிர்த்தி நின்றார், கண்ணுக்குத் தெரியாத விரல் ஒன்று கீழே இருந்து நிமிர்த்தியதுபோல. பகீ அப்படித்தான் நின்றான். நானும் அப்படித்தான் நின்றேன். தூறல் தலைமூடியில் தட்டியது, தகரத்தில் தட்டுவதுபோல. உள்ளே இருட்டு, மூச்சு, புண்ணாக்கு மணம், ஒரு வட்டத்துக்குள் ஒரு முகம் காத்துக்கொண்டு நின்றது. பெயர் தெரியும். வீடு தெரியும். எங்கே சாப்பிட்டவன் என்று தெரியும். ஒரு சின்ன இறக்கம் போதும், அதற்குப் பிறகு கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், பொக்கற்றுக்குள் கை துடித்தது, கழுத்து துடித்தது, பிடரியிலிருந்து ஒரு பாரம் தலையை முன்னுக்குத் தள்ளிற்று, ஆடு, ஆடிவிடு, ஆடிவிட்டால் முடிந்துவிடும். நகுலேசன் பல்லைக் கடித்தான், பொக்கற்றுக்குள் விரல்கள் அலகோடு சேர்ந்து இறுகின. நரம்பு புடைத்து, தோள் மரத்து, கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது, ஒரு தலையை ஆடாமல் பிடித்து வைத்திருக்க. அன்றைக்கு இவன் எனக்காகப் பிடித்து வைத்திருந்தானா, இப்படித்தானா, பகீயைக் கொடுத்துவிட்டு அடுத்த மூச்சில்? நாயே. நாயே. பிடித்ததை ஒரு ஆளுக்கு முந்திப் பிடித்திருக்கக்கூடாதா? எமில் இமைக்காமல் நின்றார். மரக்கட்டை அடித்தது. பின்னாலிருந்தவர்கள் நகர, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த செத்த யேசு ஆடி ஆடி முன்னுக்கு வர, எமில் இன்னும் நின்றார், யாரோ தோளில் தள்ளினார்கள், அப்போதும் முகத்தைத் திருப்பாமல் பக்கவாட்டில் நடந்து, சனத்தின் தலைகளுக்குள் அந்த நனைந்த தலை கொஞ்சம் கொஞ்சமாய்ப் போனது. நகுலேசனின் தலை ஆடவில்லை. யசோ அவனுடைய கையைப் பிடித்துப் பொக்கற்றிலிருந்து வெளியே இழுத்தாள். நாலு விரலும் சிவந்து சொட்டியது. "இன்னும் கை கழுவேல்லையே, உந்தத் தோடம்பழத்தோடயே நிக்கிறியள்" என்று பாண் சுற்றின தாளால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. அவள் கை நின்றது.